எடுத்துக்கொடுக்காத டீச்சர்

சத்தம் போடும் வகுப்பை எட்டிப் பார்க்க எந்தப் பள்ளியிலும் ஆள் உண்டு. சத்தமே வராத ஒரு வகுப்பை எட்டிப் பார்க்கப் போனவள் நான். திருப்பூரை ஒட்டி, பல்லடம் போகும் சாலையில் இருக்கிற ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வாரம் அது. என் வகுப்புக்கும் பக்கத்து வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது, மரத் தட்டிதான். அங்கே ஒருவர் தும்மினால் இங்கே கேட்கும். அன்று அந்தப் பக்கம் ஒரு சின்ன ஓசைகூட இல்லை. பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டார்கள் போல என்று நினைத்து வாசல் பக்கமாகப் போய்ப் பார்த்தேன்.

வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். கரும்பலகையில் 2x + 3 = 11 என்று எழுதியிருந்தது. அதன் முன்னால் ஒரு பையன் சாக்பீஸும் கையுமாக நின்றான். கணக்கு டீச்சர் ஜன்னல் கட்டையில் சாய்ந்துகொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை, அவசரமும் இல்லை. பஸ் வரும் என்று நன்றாகத் தெரிந்தவர் நிற்கிற மாதிரி நின்றார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். நானும் நின்றேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு "மூணைக் கழிடா" என்று கத்திவிடலாமா என்றிருந்தது. பையன் கடைசியில் சாக்பீஸைத் தூக்கி 2x = 8 என்று எழுதினான்.

"அப்புறங்க?" என்றார் டீச்சர். அந்த ஒற்றைச் சொல்தான்.

மதியம் சாப்பிடும்போது கேட்டேன். நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. பேச்சில் அது ஒட்டிக்கொண்டே இருக்கும். "ஏன் டீச்சர், அந்தப் பயலுக்கு ஒரு வார்த்தை எடுத்துக்கொடுத்திருக்கலாம்லா? பாவம், எவ்வளவு நேரம் நின்னான்."

அவர் டிபன் மூடியைத் திறந்தபடியே சொன்னார்: "நா எடுத்துக்குடுத்துட்டா அது என்ர கணக்காப் போயிருமுங்க. அவனுக்கு அவனோட கணக்கு வேணுமில்லீங்களா?"

பள்ளியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கணக்கு டீச்சர், அவ்வளவுதான். உடுமலைப்பேட்டைக்காரர். பிள்ளைகளையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். "வாங்க கண்ணு", "உக்காருங்க சாமி." எங்கள் பக்கத்தில் வாத்தியார்கள் பிள்ளைகளைக் கூப்பிடும் அழகே வேறு. அதனால் முதலில் எனக்கு அது நடிப்பாகத் தோன்றியது. பிறகுதான் தெரிந்தது, அவர் நாய்க்குட்டியைக்கூட "தள்ளிப் போங்க" என்றுதான் சொல்வார்.

அவர் கைப்பையில் எப்போதும் ஒரு தகர டப்பா குலுங்கும். உள்ளே தையல் மிஷின் பாபின்கள், நூல் சுற்றுகிற சின்ன உருளைகள். பழைய மாணவிகள் பனியன் கம்பெனியில் கழித்துப் போட்டதைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். எல்லாம் ஒரே எடை. அதுதான் அவருக்கு வேண்டியது. சமன்பாடு பாடம் ஆரம்பிக்கும் நாளில் ஃபேனை நிறுத்திவிடுவார். ஜன்னல் கம்பியில் நூலைக் கட்டி, சட்டை மாட்டுகிற ஹேங்கர் ஒன்றைத் தொங்கவிடுவார். அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கேரி பேக். ஒரு பக்கம் பனியன் துணியில் பாபின்களைப் போட்டுக் கட்டிய இரண்டு முடிச்சு, கூடவே மூன்று சில்லறைப் பாபின். மறுபக்கம் பதினொரு பாபின். ஹேங்கர் நேராக நிற்கும். துணிக்கும் எடை உண்டே என்று எதிர்ப் பையிலும் அதே அளவுத் துணி இரண்டைப் போட்டிருப்பார்.

"ரெண்டு முடிச்சுலயும் ஒரே அளவு இருக்குதுங்க. பிரிக்காம, தடவிப் பாக்காம, உள்ள எத்தனைன்னு சொல்லோணும்." சொல்லிவிட்டுப் போய் ஜன்னல் ஓரம் நின்றுகொள்வார். அதற்குப் பிறகு அந்த வகுப்பு பிள்ளைகளுடையது.

யாராவது ஒருவன் மூன்று சில்லறையையும் எடுப்பான். ஹேங்கர் மறுபக்கம் தொங்கிவிடும். ஐயோ என்று கத்திக்கொண்டு இன்னொருத்தி ஓடிப்போய் அந்தப் பக்கத்திலும் மூன்றை எடுப்பாள். ஹேங்கர் மெல்ல நிமிரும். அது நிமிரும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்குப் பாடம் நடத்த ஓடாது.

டியூஷன் போகும் பிள்ளைகள் சிலர் குறுக்கு வழியோடு வருவார்கள். "மிஸ், இந்தப் பக்கம் ப்ளஸ் மூணு, அந்தப் பக்கம் போனா மைனஸ் மூணு!"

"போச்சுங்களா? எப்படிப் போச்சுங்க? பல்லடம் பஸ் ஏறியா?"

வகுப்பு சிரிக்கும். சொன்ன பையனும் சிரிப்பான். பிறகு ஹேங்கரைப் பார்ப்பான். பார்த்துக்கொண்டே இருப்பான். அவர் விட்டுவிடுவார்.

இந்தக் காத்திருப்பு வகுப்போடு நிற்கவில்லை. ஒரு முறை ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளுக்கு டீ சர்ட் வாங்க இரண்டு பேரும் காதர்பேட்டைக்குப் போனோம். கடையில் புதிதாகச் சேர்ந்த வடக்கத்திப் பையன். நல்ல கூட்டம், வெயில் வேறு. அவன் ஏதோ ஒரு தமிழ்ச் சொல்லுக்காகத் தவித்துக்கொண்டிருந்தான். "சின்னதா? பெரிசா? கலரா?" என்று நான் ஒவ்வொன்றாக நீட்டினேன். அவன் ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டி இன்னும் குழம்பிப் போனான். டீச்சர் என் கையை மெல்ல அழுத்தினார். நான் வாயை மூடினேன். அவர் அவனைப் பார்த்தபடி நின்றார். பின்னால் இருந்தவர்கள் முனகினார்கள். அவன் மூச்சு விட்டு, கண்ணை ஒரு முறை மூடித் திறந்து, "சுருங்கும்" என்றான். "இந்தத் துணி சுருங்கும்." கடைக்காரப் பையனே வந்து சுருங்கும் என்று சொன்ன துணியை நாங்கள் வாங்கவில்லை. அவன் முதலாளி காதில் அது விழவில்லை என்று நினைக்கிறேன்.

சில நேரம் அவர் மௌனம் பயமாகவும் இருக்கும். என் அம்மா இறந்து, காரியமெல்லாம் முடிந்து நான் பள்ளிக்குத் திரும்பிய நாளில், எல்லாரும் வந்து கேட்டார்கள். "வயசாயிருச்சுல்லா" என்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு வகுப்பில்லாத நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது. எழுந்து போய்விட மாட்டாரா என்று இருந்தது எனக்கு. அவர் போகவில்லை. கடைசியில் நானாகச் சொல்ல ஆரம்பித்தேன். கடைசி இரண்டு வருடம் நானும் அம்மாவும் பேசிக்கொள்ளவே இல்லை என்பதை என் வீட்டுக்காரருக்கு அடுத்து அவரிடம்தான் சொன்னேன். அப்போதும் அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை இருந்தார். முடித்த பிறகும் கொஞ்ச நேரம் இருந்தார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் தொண்டையில் நோய் வந்தது.

முதலில் கரகரப்பு. பஞ்சுத் தூசி என்றார், பனி என்றார். அரையாண்டுத் தேர்வு நேரத்தில் குரல் காற்றாகிப் போனது. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் காட்டினார்கள். குரல் நாணில் சின்னதாக ஒரு வளர்ச்சி. பயப்படும்படி ஒன்றுமில்லை, ஆனால் அறுத்து எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்த பிறகு மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: கொஞ்ச நாள் ஒரு சொல்கூடக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. அதற்குப் பிறகும் வீட்டில் இரண்டொரு வார்த்தை பேசலாமே தவிர, பல வாரங்களுக்கு வகுப்பில் குரல் எடுக்கவே கூடாது. மீறினால் இருக்கிற குரலும் போய்விடும்.

அவர் விடுப்பில் இருந்தபோது எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்த ஆள் இல்லை. பிள்ளைகள் கணக்கு நேரத்தில் என் வகுப்பில் வந்து நெருக்கி உட்கார்ந்தார்கள். விடுப்பு முடிந்த அன்று காலை அவர் கைப்பை குலுங்க வந்து நின்றார். கழுத்தில் ஒரு துப்பட்டா சுற்றியிருந்தது.

தலைமையாசிரியர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். "டீச்சர், நீங்க ஆபீஸ்ல உக்காந்துக்குங்க. அட்மிஷன் பதிவெல்லாம் பாருங்க. குரல் சரியானப்புறம் வகுப்புக்குப் போலாம்" என்றார்.

டீச்சர் மேசையில் கிடந்த காகிதத்தை இழுத்து எழுதினார்: 'எட்டாம் வகுப்புக்குச் சமன்பாடு முடியலீங்க.'

"பேசாம எப்படிங்க நடத்துவீங்க?"

அவர் பதில் எழுதவில்லை. தலைமையாசிரியரைப் பார்த்தபடி நின்றார். நான் அந்தப் பார்வையை அறிவேன். தலைமையாசிரியர் பேனாவை எடுத்தார், வைத்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிங்க, பாக்கலாம்" என்றார் கடைசியில்.

எனக்கு அந்த நேரம் வகுப்பு இல்லை. போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அந்த வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாதிப் பேர் இந்த ஊர்ப் பிள்ளைகள். மற்றவர்களில் திருநெல்வேலி, ராமநாதபுரத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகள் பாதி. மீதி பீகார், ஒடிசா. பூனம் என்று பீகாரிலிருந்து வந்த ஒரு பெண். அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. அந்தப் பெண் சேர்ந்ததிலிருந்து வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. அட்டெண்டன்ஸுக்குக்கூடக் கைதான் தூக்குவாள். தமிழில் எது நடந்தாலும் அவள் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு அது முடியக் காத்திருப்பாள்.

டீச்சர் உள்ளே வந்ததும் பிள்ளைகள் எழுந்து கத்தி ஆர்ப்பரித்தார்கள். அவர் சிரித்தார். தொண்டையைத் தொட்டுக் காட்டி இல்லை என்று கையை ஆட்டினார். ஃபேனை நிறுத்தினார், ஹேங்கரைத் தொங்கவிட்டார். பேச்சு நிற்கவில்லை. பெஞ்சைத் தட்டவில்லை அவர், பிரம்பைத் தேடவும் இல்லை. ஒவ்வொரு முடிச்சாகப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். கோகிலா என்று வகுப்புத் தலைவி, வாயாடி. அவள் எழுந்து போய்க் கரும்பலகையில் பெரிதாக எழுதினாள்: 'டீச்சர் பேசறவரைக்கும் யாரும் பேசக் கூடாது.' எழுதிவிட்டுத் தன் வாயிலேயே கையை வைத்துக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக வகுப்பு அடங்கியது.

அன்று அவர் கொண்டுவந்த கணக்கு புதுசு. ஒரு பக்கம் மூன்று முடிச்சும் இரண்டு சில்லறையும். மறுபக்கமும் ஒரு முடிச்சு இருந்தது, கூடப் பன்னிரண்டு சில்லறை. இரண்டு பக்கமும் முடிச்சு வருவது இதுதான் முதல் தடவை. கரும்பலகையில் 3x + 2 = x + 12 என்று எழுதிவிட்டு ஜன்னல் ஓரம் போய்விட்டார்.

ஒரு பையன் வந்து இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சில்லறையை எடுத்தான். அது பழகினதுதான். அதோடு நின்றது. மூன்று முடிச்சு ஒரு பக்கம், ஒரு முடிச்சும் பத்துச் சில்லறையும் மறுபக்கம். ஒருவர் மாற்றி ஒருவர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். கோகிலா வந்தாள், கையை நீட்டினாள், மடக்கிக்கொண்டாள். யாரும் யாரையும் கேட்க முடியாது, யாரும் யாருக்கும் சொல்ல முடியாது. வெளியே சாலையில் லாரி போகிற சத்தம் மட்டும். இனி மணி அடித்துவிடும் என்று நினைத்தேன்.

பூனம் எழுந்தாள்.

பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்து வந்தாள். ஹேங்கருக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் இரண்டு பைக்குள் விட்டாள். ஒரே நேரத்தில் இந்தப் பக்கம் ஒரு முடிச்சு, அந்தப் பக்கம் ஒரு முடிச்சு என்று எடுத்தாள். ஹேங்கர் அசையவே இல்லை. வகுப்பு முழுக்க ஒரு மூச்சு வாங்கிய சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பத்துச் சில்லறையையும் மேசையில் கொட்டி, ஐந்தைந்தாகப் பிரித்து, ஒவ்வொரு ஐந்துக்கு எதிரிலும் ஒரு முடிச்சை வைத்தாள். சாக்பீஸ் எடுத்து x = 5 என்று எழுதினாள். அப்புறம்தான் டீச்சரைப் பார்த்தாள்.

டீச்சர் தலையாட்டவில்லை. புருவத்தை மட்டும் மெல்ல உயர்த்தினார். பூனம் ஒரு முடிச்சை அவிழ்த்தாள். பாபின்கள் மேசையில் உருண்டன. பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி நின்று எண்ணினார்கள், உதட்டை மட்டும் அசைத்து. ஐந்து. கோகிலா வாயிலிருந்து கையை எடுக்காமலே குதித்தாள்.

இத்தனை மாதமாக அந்தப் பெண் நாங்கள் பேசுகிற சத்தத்துக்குள் எங்கோ இருந்திருக்கிறாள். சத்தத்தை எடுத்ததும் அவள் எல்லாருக்கும் முன்னால் நின்றாள். இதை நினைத்துத்தான் டீச்சர் வந்தாரா என்று எனக்குத் தெரியாது. பின்னால் ஒரு நாள் கேட்டேன். தெரியாது என்றுதான் கையை விரித்தார்.

அந்த மாதமே ஒரு சங்கடம் வந்தது. கோகிலாவின் அப்பா ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர். மகள் வீட்டில் போய், கணக்கு வகுப்பில் யாருமே பேசுவதில்லை என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அவர் இன்னும் சில பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"டீச்சர் மேல மரியாதை இருக்குதுங்க. உடம்பு சரியில்லீங்க, பாவம், ஒத்துக்கறேனுங்க. ஆனா பேசாம கணக்கு எப்படிங்க வரும்? எங்களுக்கும் வராமத்தானுங்க கம்பெனிக்குப் போனோம். புள்ளைகளும் அப்படியே போகோணுமுங்களா? வேற டீச்சரப் போடுங்க. இல்லீன்னா நாங்க மேல எழுதிக் குடுக்கறோமுங்க."

தலைமையாசிரியருக்கு வியர்த்தது. "நாளைக்கே டீச்சரை ஆபீஸுக்கு மாத்திடறேனுங்க" என்று சொல்லிவிட்டார். கூட்டத்தோடு நின்ற டீச்சர் அதைக் கேட்டார். முகம் வெளுத்துப் போனது. பிறகு கட்டிங் மாஸ்டரைப் பார்த்து, வாங்க என்று கையால் அழைத்தார்.

அவர் தயங்கினார். வாசலில் நின்ற கோகிலாதான், "வாங்கப்பா" என்று இழுத்துக்கொண்டு போனாள். பெற்றோர் எல்லாரும் வகுப்பின் பின்னால் போய் நின்றார்கள். தலைமையாசிரியரும் வந்தார். டீச்சர் ஹேங்கரைத் தொங்கவிட்டு, ஒரு பக்கம் நான்கு முடிச்சும் ஒரு சில்லறையும், மறுபக்கம் இரண்டு முடிச்சும் ஏழு சில்லறையும் போட்டார். கரும்பலகையில் எழுதினார். சாக்பீஸைப் பிள்ளைகள் யாரிடமும் கொடுக்கவில்லை. கொண்டுபோய்க் கட்டிங் மாஸ்டரிடம் நீட்டினார்.

"ஐயோ, நானுங்களா? நா ஏழாவதோட நின்னவனுங்க. எனக்கு இதெல்லாம் வராதுங்க."

டீச்சர் நீட்டிய கையை இறக்கவில்லை. அவர் வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டு முன்னால் போனார். முடிச்சுகளைப் பார்த்தார், கரும்பலகையைப் பார்த்தார். சட்டைக் காலரைத் தளர்த்தினார். "தெரியலீங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. அவர் மகள்கூடத் திறக்கவில்லை. அத்தனை பேரும் அவரைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் ஜன்னல் ஓரம்.

கட்டிங் மாஸ்டர் பைக்குள் கையை விட்டு ஒரு சில்லறையை எடுத்தார். ஹேங்கர் சாய்ந்தது. திடுக்கிட்டுத் திரும்பப் போடப் போனவர் நின்றார். மறுபக்கத்தைப் பார்த்தார். அங்கேயும் ஒன்றை எடுத்தார். நிமிர்ந்தது. "ஓ" என்றார் தனக்குள். பிறகு ரொம்ப நேரம் முடிச்சுகளையே பார்த்தார். தலைமையாசிரியர் என் பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டபடி இருந்தார். கட்டிங் மாஸ்டர் இந்தப் பக்கம் ஒரு முடிச்சை எடுத்தார், அந்தப் பக்கம் ஒன்று. மறுபடி ஒன்று, ஒன்று. இரண்டு முடிச்சுக்கு எதிரில் ஆறு சில்லறை நின்றது.

"மூணுங்களா?" என்றார். தானே ஒரு முடிச்சை அவிழ்த்தார். மூன்று பாபின் உள்ளங்கையில் விழுந்தது. அவர் அதை மூடிக்கொண்டு நின்றார்.

"பள்ளிக்கூடத்துல என்னைய இத்தன நேரம் யோசிக்க யாரும் விட்டதில்லீங்க" என்றார்.

அதற்குப் பிறகு யாரும் மேலே எழுதிக் கொடுக்கவில்லை. டீச்சர் ஆபீஸுக்கும் போகவில்லை. சமன்பாடு முடிந்தது, அடுத்த பாடமும் பேச்சில்லாமலே பாதி போனது. கோகிலா தன் இடத்தை விட்டுப் போய்ப் பூனம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கணக்கு நேரம் முழுக்க அடக்கிவைத்த வாயை மதியச் சாப்பாட்டில் அவளிடம் தீர்த்துக்கொண்டாள். மருத்துவர் பேசலாம் என்று சொன்ன பிறகு டீச்சரின் குரல் திரும்பியது. ஆனால் அது பழைய குரல் இல்லை. உரசலாக, நடுநடுவே அறுந்து அறுந்து வந்தது. பிள்ளைகள் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ஆண்டு முடிவில் அவருக்கு உடுமலைப்பேட்டைப் பக்கமே மாறுதல் கிடைத்தது. சொந்த ஊர். கேட்டு வாங்கியதுதான். வழியனுப்பு விழாவுக்குப் பள்ளி முழுக்கக் கூடியிருந்தது. தலைமையாசிரியர் நீளமாகப் பேசினார். நானும் எழுதிவைத்துக்கொண்டு பேசினேன். டீச்சரைக் கூப்பிட்டபோது அவர் குரலைக் காட்டி வேண்டாம் என்றார். பிள்ளைகள் யாராவது பேசட்டும் என்று தலைமையாசிரியர் சொன்னதும் எல்லாரும் கோகிலாவைப் பார்த்தார்கள். எழுந்தது பூனம்.

மைக்கின் முன்னால் வந்து நின்றாள். இரண்டு கையாலும் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் வரவில்லை. மைக்கில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. அரங்கில் சலசலப்பு எழுந்தது. தலைமையாசிரியர் உதவப் போனார், "நன்றின்னு சொல்லும்மா" என்று சொல்ல வாயெடுத்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார்கள். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பூனம் நிமிர்ந்தாள்.

"டீச்சர் பேசுனது எனக்குப் புரியலீங்க," என்றாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தாள். "பேசாதது புரிஞ்சுதுங்க."

மேடையில் உட்கார்ந்திருந்த டீச்சர் திடீரென்று சிரித்தார். அந்த அறுந்த, உரசல் குரலில், வாய் விட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அத்தனை வருடத்தில் அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.